மூன்று நாள் வாய்ப்பூட்டு

‘கங்குவா’ வெளியானது 2024 நவம்பர் 14-ஆம் தேதி. ஒரு வாரம்கூட ஆகவில்லை, தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்கள் சங்கத்திடமிருந்து ஓர் அறிக்கை வந்தது. தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூப்காரர்களை விடாதீர்கள், முதல் காட்சி பார்த்துவிட்டு வெளியே வருகிறவன் வாய்க்கு நேரே மைக்கை நீட்ட இடம் கொடுக்காதீர்கள் என்று தியேட்டர் உரிமையாளர்களுக்கு வேண்டுகோள். ‘இந்தியன் 2’, ‘வேட்டையன்’, ‘கங்குவா’ மூன்றையும் அந்த மைக்குகள்தான் பதம் பார்த்துவிட்டனவாம். அறிக்கையோடு ஆத்திரம் அடங்கவில்லை. டிசம்பர் முதல் வாரத்தில் நடப்புத் தயாரிப்பாளர்களின் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்தில் போய் நின்றது. படம் வெளியாகி மூன்று நாளைக்கு இணையத்தில் யாரும் விமர்சனம் செய்யக் கூடாது, தடை போடுங்கள் என்றது. விமர்சனம் கருத்துச் சுதந்திரத்தில் சேர்ந்தது, பொத்தாம்பொதுவாகத் தடை போட முடியாது என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது.

பிழைத்தோம். தடை மட்டும் வந்திருந்தால், யூடியூபோடு நிற்குமா? ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் பாதி டீக்கடைகளை வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் இழுத்துச் சாத்த வேண்டியிருக்கும். யூடியூப் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பிருந்தே அங்கே ஒளிபரப்பு நடக்கிறது. ராத்திரிக் காட்சி விட்டதும் நேரே மூன்றாவது ஷிப்ட்டுக்குப் போகிற மில்காரர், விடிகாலை ஷிப்ட் முடிந்து டீக்கடைக்கு வருவார். மாஸ்டர் கேட்பார்: “படம் எப்படிண்ணாச்சி?” அவர் வாயைத் திறக்க மாட்டார். டீயை ஒரு உறிஞ்சு உறிஞ்சிவிட்டு, கையை மட்டும் இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டுவார். அவ்வளவுதான், தீர்ப்பு வாசித்தாயிற்று. மதியத்துக்குள் சத்திரப்பட்டி தறிக்குப் போய்விடும், சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதிக்குப் போய்விடும். இதற்கு எந்த நீதிமன்றத்தில் தடை வாங்குவார்கள்? கையைத் திருப்பியதற்கு என்ன பிரிவு?

நான் சினிமா தெரிந்தவன் அல்ல. எந்த லென்ஸ் போட்டு எடுத்தார்கள், திரைக்கதைக்கு எத்தனை கால், எத்தனை கை என்றெல்லாம் சொல்லத் தெரியாது. பிடித்ததா, பிடிக்கவில்லையா என்று மட்டும் தெரியும். தயாரிப்பாளர் சங்கத்துக்குக் காய்ச்சல் வரவைத்த ஆசாமி என்னை மாதிரி ஆள்தான். எனவே சங்கத்தின் மேலான கவனத்துக்கு என் அபிப்பிராயங்களை இங்கே வைத்துவிடுகிறேன். எல்லாப் படமும் மூன்று நாள் தாண்டியவை, பயப்பட வேண்டாம்.

‘கங்குவா’: கத்தினார்கள். 1070-ஆம் ஆண்டில் காது கேளாதவர்கள் மட்டும்தான் தமிழ் நிலத்தில் இருந்தார்கள் போலிருக்கிறது. ஒரு தீவில் நின்று பேசினால் இன்னொரு தீவுக்குக் கேட்க வேண்டும் என்று கத்தினார்கள். படம் 2,000 கோடி வசூலிக்கும் என்று தயாரிப்பாளர் வெளியீட்டுக்கு முன்பே பேட்டியில் சொல்லியிருந்தார். அதுவும் ஓர் அபிப்பிராயம்தான், படம் வருவதற்கு முன்பே சொன்ன அபிப்பிராயம். அதற்கு யாரும் மூன்று நாள் பொறுத்திருக்கச் சொல்லவில்லை.

‘இந்தியன் 2’: 1996-இல் வந்த சேனாபதித் தாத்தா வயதானவராக இருந்தார், கோபமாக இருந்தார், நம்ப முடிந்தது. இப்போது அவருக்கு நூறைத் தாண்டிவிட்டது. ஒற்றைச் சக்கர வண்டியில் பறக்கிறார். லஞ்சம் வாங்குகிறவர்கள் இன்னும் பல்கிப் பெருகியிருக்கும் நாட்டில், அதைப் பற்றி மூன்று மணி நேரம் பேசி, ஒருவனுக்கும் கோபம் வராமல் பார்த்துக்கொள்வது லேசான காரியம் இல்லை. அந்தச் சாதனைக்காகப் பாராட்டுகிறேன்.

‘வேட்டையன்’: போலீஸ் என்கவுன்டர் தவறு என்று பாடம் நடத்துகிற படம். அதே என்கவுன்டருக்கு முதல் பாதியில் விசில் வாங்கிக்கொண்டு, பிற்பாதியில் நம்மைத் தலைகுனியச் சொல்கிறது. விசிலடித்தவன் நான். தலைகுனிய வேண்டியவனும் நானா?

‘லியோ’: இடைவேளையோடு வீட்டுக்குப் போனவர்கள் பாக்கியவான்கள்.

பிடித்தவையும் உண்டு. ஒரு குப்பைத் தொட்டிக்கு லட்சுமி என்று பெயர் வைத்து அதைத் தேடிப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வரும் நாவிதரை வைத்து ‘மகாராஜா’ என்று ஒரு படம் எடுக்க முடிகிறது. ரப்பர் பந்து கிரிக்கெட்டை வைத்து மாமனார் மருமகன் மல்லுக்கட்டை ‘லப்பர் பந்து’ என்று எடுக்க முடிகிறது. ‘வாழை’யைப் பார்த்துவிட்டு வந்த அன்று வாழைத்தார் ஏற்றிப் போன லாரி ஒன்றைப் பார்த்து ரோட்டிலேயே நின்றுவிட்டேன். இந்த மூன்று படமும் வந்தது அதே 2024-இல்தான். மேலே சொன்ன அதே மைக்குகள் இந்தப் படங்களுக்கும் நீட்டப்பட்டன. அதே வாய்கள்தான் பேசின. அப்போது எந்தச் சங்கமும் அறிக்கை விடவில்லை. மைக்கில் பேசிய வாய் இனித்தது.

சரி, ஏன் மூன்று நாள்? ஏன் இரண்டு இல்லை, ஐந்து இல்லை? யோசித்துப் பார்த்தால் விளங்கும். வெள்ளி, சனி, ஞாயிறு. டிக்கெட்டின் மேல் அச்சடித்த விலைக்கும் கையில் கொடுக்கிற விலைக்கும் சம்பந்தம் இல்லாமல் போகும் மூன்று நாள். தமிழ்நாட்டில் டிக்கெட்டுக்கு அரசு உச்ச விலை நிர்ணயித்திருக்கிறது. பெரிய நடிகர் படத்தின் முதல் நாளில் அந்த உச்சத்துக்கு மேலும் ஓர் உச்சம் இருப்பது, தியேட்டருக்குப் போன ஒவ்வொருவனுக்கும் தெரியும். நான் கொடுத்திருக்கிறேன். வாயை மூடிக்கொண்டு கொடுத்தேன், அதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்கவில்லை. பணத்தை வாங்கும்வரை வாய் திறக்காதே, வாங்கி முடித்த பின் திற என்பதுதான் கோரிக்கையின் சாரம்.

எங்கள் பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடையில் நின்றால் ஒரு துளி எடுத்துக் கையில் வைத்து, ருசி பார்த்துவிட்டு வாங்கச் சொல்வார்கள். புளித்திருந்தால் அங்கேயே, நாலு பேர் நிற்கும்போதே சொல்லிவிடலாம். கடைக்காரர் முகம் சுருங்கும், அவ்வளவுதான். வாங்கியவர்கள் மூன்று நாள் ருசியைப் பற்றிப் பேசத் தடை வேண்டும் என்று அவர் முன்சீப் கோர்ட்டுக்குப் போகமாட்டார். போனால், சரக்கைப் பற்றி ஊர் முடிவே கட்டிவிடும்.

இன்னொரு வேடிக்கை இருக்கிறது. ‘இந்தியன் 2’ வெளியான சில நாளிலேயே 12 நிமிடத்தை வெட்டினார்கள். வெட்டியதையே விளம்பரமாக்கி மறுபடி வாருங்கள் என்றார்கள். ‘மெய்யழகன்’ படத்தில் 18 நிமிடம் 42 நொடி போனது. (அந்தப் படம் நீளம்தான். ஆனாலும் எனக்கு வெட்டாமலே பிடித்திருந்தது.) ‘கங்குவா’வில் 12 நிமிடம் போனது, சத்தத்தைக் குறைக்கச் சொல்லித் தியேட்டர்களுக்குத் தகவல் போனது. கதாநாயகனின் மனைவி, அவரும் நடிகை, முதல் அரை மணி நேரம் சரியில்லை, சத்தம் அதிகம் என்று தானே எழுதினார். எந்த இடம் இழுவை, எங்கே காது வலித்தது என்று யார் சொல்லி இவர்களுக்குத் தெரிந்தது? எடிட்டிங் அறையில் மாதக் கணக்கில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியாதது, முதல் காட்சி விட்டு வெளியே வந்த பாலிடெக்னிக் பையனுக்குத் தெரிந்திருக்கிறது. அவன் சொன்ன இடத்தில் கத்தரியை வைத்தார்கள். அவனுக்குச் சம்பளம் இல்லை, டைட்டிலில் பெயரும் இல்லை. போகட்டும், நன்றியாவது சொன்னார்களா? அவன் வாய்க்குத் தடை கேட்டார்கள். உழைப்பும் வேண்டும், உழைத்தவன் ஊமையாகவும் இருக்க வேண்டும்.

மூன்று நாள் என்றதும் எனக்குத் தேர்தல் ஞாபகம் வந்தது. வாக்குப்பதிவுக்கு முன்னால் 48 மணி நேரம் பிரசாரம் செய்யக் கூடாது என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்கிறது. நாட்டையே ஒப்படைக்கிற விவகாரத்துக்கு 48 மணி நேரம். அதுவும் மைக் பிடிப்பவரின் வாய்க்குத்தான் பூட்டு, ஓட்டுப் போடுகிறவன் வாய்க்கு இல்லை. சினிமாக்காரர்கள் கேட்டது 72 மணி நேரம். டிரெய்லர், பேட்டி, இசை வெளியீட்டு விழா, நகரமெங்கும் பேனர் எல்லாவற்றோடும் அவர்கள் பிரசாரம் தொடரும். பார்வையாளன் மட்டும் வாய் பொத்த வேண்டும்.

எங்கள் விருதுநகர் மாவட்டத்து மண்ணுக்கு இதெல்லாம் ஒத்துவராது. சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக 1949 முதல் இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா ராஜபாளையத்துக்காரர். நாட்டின் முதல் பொதுத் தேர்தலில், பதவியில் இருக்கும்போதே, ஸ்ரீவில்லிபுத்தூரில் தோற்றார். சொந்த ஊருக்குப் பக்கத்து ஊர், பத்துப் பதினோரு கிலோமீட்டர். ஊர்க்காரன் நம்மை மோசம் செய்துவிட்டான் என்று அவர் எந்த மன்றத்திலும் தடை கேட்டு நிற்கவில்லை. தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்த மனிதர். 1967-இல் விருதுநகரில் காமராஜரையே ஒரு மாணவர் தலைவரிடம் தோற்கவைத்தார்கள். 1977-இல் அருப்புக்கோட்டை எம்.ஜி.ஆரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. 2024-இல் விருதுநகர் நாடாளுமன்றத் தொகுதி ராதிகா சரத்குமாரையும் விஜயகாந்தின் மகனையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியது. முதலமைச்சரையும் முகம் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாத ஊர்களிடம், ஒரு வெள்ளிக்கிழமைப் படத்துக்கு மட்டும் மூன்று நாள் மரியாதை காட்டச் சொல்கிறார்கள்.

இந்த ரசிகன் என்பவன் சினிமாவுக்கு யார்? போஸ்டர் சிவகாசியில் அடிக்கிறார்கள், அதை ராத்திரியில் பசை வாளியோடு சுவரில் ஒட்டுகிறவன் இவன். வெடியும் சிவகாசி வெடிதான், தியேட்டர் வாசலில் சொந்தக் காசில் கொளுத்துகிறவனும் இவன்தான். கையைச் சுட்டுக்கொண்டால் கட்டுத்துணி சத்திரப்பட்டியிலிருந்து வரும். முப்பது கிலோமீட்டர் சுற்றளவுக்குள் சகல ஏற்பாடும் இருக்கிறது. கட்அவுட் மேல் ஏறிப் பால் ஊற்றுகிறான், அதைப் படம் பிடித்து, ‘மக்கள் கொண்டாட்டம்’ என்று போட்டு மறுநாள் விளம்பரம் செய்கிறார்கள். அந்தப் பாலுக்கு ரசீது கேட்டதில்லை. அவன் ‘தலைவா’ என்று அலறும்போது மைக் உள்ளே வரலாம், வாசல் திறந்திருக்கும், போலீஸ் வழிவிடும். ‘மொக்கை’ என்று முனகியதும் மைக் வில்லனாகிவிடுகிறது.

2023 ஜனவரி 11-ஆம் தேதி விடிகாலை, சென்னையில் ஒரு பையன். வயது 19. ‘துணிவு’ பார்க்க வந்தவன், ஓடும் லாரியின் மேல் ஏறி ஆடிக் குதித்ததில் முதுகெலும்பு அடிபட்டுச் செத்துப்போனான். நள்ளிரவுக்கும் விடிகாலைக்கும் காட்சி வைத்தால் கூட்டம் எப்படி வரும், யார் வருவார்கள், எந்த நிலையில் வருவார்கள் என்று தெரியாதவர்களா இவர்கள்? அதற்குப் பிறகுதான் அரசு அந்த நேரத்துக் காட்சிகளை நிறுத்தியது. ‘லியோ’ வந்தபோது காலை 9 மணிக்கு முன்னால் காட்சி இல்லை என்றதும், நாலு மணிக் காட்சி வேண்டும் என்று நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தார்கள். உயர் நீதிமன்றத்தில் விமர்சனத்துக்குத் தடை கேட்டது 2024 டிசம்பர் 3. மறுநாள் ராத்திரி ஹைதராபாதில் ‘புஷ்பா 2’ சிறப்புக் காட்சி நெரிசலில் ஒரு பெண் செத்தார், அவர் மகன் உயிருக்குப் போராடினான். ரசிகன் நசுங்கிச் சாவதை நிறுத்த என்ன வழி என்று கேட்டு எந்தத் தயாரிப்பாளர் சங்கம் எந்த நீதிமன்றத்தின் படியேறியது? அவன் மார்பு நசுங்கினால் பரவாயில்லை, வாய் மட்டும் நசுங்காமல் இருப்பதுதான் இவர்களுக்கு உறுத்துகிறது.

கருத்துச் சொல்வது எங்கள் ஊர்களில் எப்போதுமே விலை கூடிய சரக்கு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 2018 ஜனவரி 7-ஆம் தேதி ராஜபாளையத்தில் நடந்த விழாவில்தான் கவிஞர் வைரமுத்து ஆண்டாளைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். ஏதோ ஒரு நூலிலிருந்து எடுத்துக்காட்டிய ஒரு வரி கிளப்பிய புழுதி மாதக்கணக்கில் அடங்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜீயர் உண்ணாவிரதம் இருந்தார். எங்களுக்கும் கல் எறியத் தெரியும், சோடா பாட்டில் வீசத் தெரியும் என்று பேசினார், பிறகு வருந்தினார். கட்டுரையை வெளியிட்ட பத்திரிகை வருந்தியது, கவிஞரும் வருந்தினார். அந்தக் கட்டுரையை முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்பட்டவர் எத்தனை பேர் என்று கேட்டால், கேட்டவன் வருந்த வேண்டியிருக்கும்.

2024 டிசம்பர் 15-ஆம் தேதி இளையராஜா ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்கு வந்தார். அர்த்த மண்டபப் படியில் அவரைத் தடுத்து நிறுத்தினார்கள் என்ற செய்தியைப் பற்றி ஒரு மணி நேரத்துக்குள் உலகம் முழுக்க அபிப்பிராயம் வந்துவிட்டது. அங்கே நின்றவர்கள் கொஞ்சம் பேர்தான், பேசியவர்கள் பல லட்சம். அர்ச்சகர்கள், மடாதிபதிகள் தவிர வேறு யாரும் அங்கே போகும் வழக்கம் இல்லை என்று அறநிலையத் துறை விளக்கியது. அப்படி எதுவும் நடக்கவில்லை, சுயமரியாதையை விட்டுக்கொடுக்கிற ஆள் நான் இல்லை என்று அவரே எழுதினார். ஆயிரம் படத்துக்கு இசையமைத்தவருக்கும் ஒரு கோடு உண்டு, அந்தக் கோட்டை யார் எதற்காகப் போட்டார்கள் என்று கேட்கக் கூடாது, வழக்கம் என்று சொன்னால் கேள்வி முடிந்துவிட வேண்டும் என்பதில் எனக்குக் கோபம்தான். அது வேறு வழக்கு. இங்கே நான் கேட்பது ஒன்றுதான். பார்க்காத சம்பவத்தைப் பற்றி யார் வேண்டுமானாலும் அந்த நிமிஷமே பேசலாம். காசு கொடுத்து, இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து, கண்ணால் பார்த்த படத்தைப் பற்றி மூன்று நாள் பேசக் கூடாதா?

இதில் எரிச்சல் மூட்டுவது கேட்டவர்களின் பழைய வரலாறு. 2013-இல் ‘விஸ்வரூபம்’ படத்துக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தபோது, கருத்துச் சுதந்திரம் செத்துவிட்டது என்று திரையுலகம் அழுதது. நாட்டைவிட்டே போகவேண்டியிருக்கும் என்றார் கமல். நாங்களும் அவரோடு சேர்ந்து வருத்தப்பட்டோம். 2017-இல் ‘மெர்சல்’ படத்தில் ஜிஎஸ்டி பற்றிப் பேசிய வசனத்தை நீக்கச் சொன்னபோது, வசனத்தைத் தொடாதே என்று ஊரே சொன்னது. 2018-இல் ‘சர்கார்’ பேனர்களை ஆளுங்கட்சிக்காரர்கள் கிழித்தபோதும் அப்படித்தான். அப்போதெல்லாம் பேச்சுரிமை என்பது உயிர்மூச்சு. அந்த உயிர்மூச்சு திரைக்கு உள்ளிருந்து வெளியே வரலாம், வெளியிலிருந்து திரையை நோக்கிப் போகக் கூடாது என்ற நிபந்தனையை அன்றைக்கே சொல்லியிருந்தால், நாங்கள் கண்ணீரை மிச்சம் பிடித்திருப்போம்.

1952-இல் ‘பராசக்தி’ வந்தது. தினமணி கதிர் அதைப் ‘பரப்பிரம்மம்’ என்று கேலிசெய்து கிழித்தது. வசனம் எழுதிய கருணாநிதி என்ன செய்தார்? அதே ‘பரப்பிரம்மம்’ என்ற பெயரில் ஒரு நாடகம் தயாராகி ஊர் ஊராக மேடையேறியது. ஆனந்த விகடன் மார்க் போட்டுப் படங்களை மேய்ந்த காலத்தில், ‘16 வயதினிலே’ படத்துக்கு 62.5 மார்க் போட்டது. நூற்றுக்கு அறுபத்திரண்டரை வாங்கியதே பெரிய புகழாக இன்றுவரை பேசப்படுகிறது. மிச்சம் முப்பத்தேழரை எங்கே போயிற்று என்று யாரும் வழக்குப் போட்டதாகத் தெரியவில்லை. விமர்சனத்தைத் தாங்குகிற முதுகு அந்தத் தலைமுறைக்கு இருந்தது. இன்றைக்கு முதுகு இருக்கிற இடத்தில் ‘பான் இந்தியா’ என்று எழுதியிருக்கிறது.

ஆனாலும் சங்கத்தாரின் மனம் நோகக் கூடாது என்பதால், அவர்கள் கோரிக்கையை இன்னும் பலப்படுத்த எனக்குத் தெரிந்த யோசனைகளைச் சொல்கிறேன். இணையத்தை மட்டும் தடுத்தால் போதாது. தியேட்டரில் தூங்குவது மிகக் கடுமையான விமர்சனம், ஏசி அறையில் குறட்டை விடுகிறவன் அவதூறு செய்கிறான் என்று அறிவிக்க வேண்டும். படத்தின் நடுவே செல்போனை எடுத்து மணி பார்ப்பது எச்சரிக்கைக்குரிய குற்றம். இரண்டாவது தடவை பார்த்தால் அபராதம். சிறுநீர் கழிக்கப் போகிறவன் பாட்டுக் காட்சியில் போகலாம், கதாநாயகனின் லட்சியத்தைச் சொல்லும் காட்சியில் எழுந்தால் உள்நோக்கம் இருப்பதாகக் கருதப்படும். கொட்டாவிக்கு முன் அனுமதி பெற வேண்டும். படம் விட்டதும் எல்லாரையும் பின்வாசல் வழியாக வரிசையாக, முகத்தை மறைத்து அனுப்ப வேண்டும். முகம் வெளியே தெரிந்தால், அடுத்த காட்சிக்கு வரிசையில் நிற்கிறவன் அதைப் படித்துவிட்டு வண்டியைத் திருப்பிவிடுவான். வீட்டுக்குப் போனதும் மனைவி “படம் எப்படிங்க இருந்துச்சு?” என்று கேட்டால், “வர்ற திங்கக்கிழமை சொல்றேம்மா” என்று பதில் சொல்ல வேண்டும். குழந்தைகள் விஷயத்தில்தான் சிக்கல். அவை இடைவேளையிலேயே “வீட்டுக்குப் போலாம்ப்பா” என்று சத்தமாகச் சொல்லிவிடும். பன்னிரண்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களிடம் பெற்றோர் கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரம் வாங்கிக்கொள்ளலாம்.

சங்கம் சொல்வதில் ஒரு பங்கு நியாயம் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. மைக்கின் முன் நின்று நடிகையின் உடம்பைப் பற்றிப் பேசுகிறவன், நடிகனின் குடும்பத்தை இழுக்கிறவன், பார்க்காத படத்தைப் பார்த்ததாகச் சொல்லிக் காறித்துப்புகிறவன் எல்லாம் இருக்கிறார்கள். அருவருப்பாகத்தான் இருக்கிறது. இந்த நடிகனின் ரசிகன் அந்த நடிகனின் படம் வந்த அன்று விடிகாலையில் கிளம்பிப் போய் விஷம் கக்குவதும் நடக்கிறது. ஆனால் அந்த ரசிகர் சண்டையை எண்ணெய் ஊற்றி வளர்த்தது யார்? முதல் நாள் வசூல் இவ்வளவு, அவர் படத்தைவிட இவ்வளவு அதிகம் என்று போஸ்டர் அடித்தது டீக்கடைக்காரரா? தன் மன்றங்களை 2011-இல் கலைத்துவிட்டுப் போன அஜித்தைப் பார்த்து எத்தனை பேர் பின்பற்றினார்கள்? அவதூறுக்குச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது, போலீஸ் ஸ்டேஷனும் இருக்கிறது. பொய் சொன்னவன் மேல் புகார் கொடுங்கள். ‘போர் அடித்தது’ என்பது பொய் இல்லை. அவனுக்கு அடித்தது, அவன் சொன்னான். அடிக்கவில்லை என்று நீங்கள் எப்படி நிரூபிப்பீர்கள்?

பெரிய படங்களுக்காகக் கேட்ட இந்தப் பூட்டு உண்மையில் யார் வாயில் விழும் என்பதையும் பார்க்க வேண்டும். 2023-இல் ‘அயோத்தி’ வந்தது. பெரிய கட்அவுட் இல்லை, அதிகாலைக் காட்சி இல்லை. பார்த்தவன் இன்னொருவனிடம் சொன்னான், அவன் வீட்டில் சொன்னான், அப்படித்தான் கூட்டம் சேர்ந்தது. குறட்டை விடுகிற ஒரு பையனை வைத்து எடுத்த ‘குட் நைட்’ அப்படித்தான் ஓடியது. 2025 மே 1-ஆம் தேதி சூர்யாவின் ‘ரெட்ரோ’ வந்த அதே நாளில், இலங்கையிலிருந்து தப்பி வந்த ஒரு குடும்பத்தைப் பற்றி ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ என்ற படமும் வந்தது. முதல் நாள் அதைத் தேடிப் போனவர்கள் கொஞ்சம்தான். போனவர்கள் வெளியே வந்து பேசினார்கள். மூன்று நாள் பேசாமல் இருந்திருந்தால் அந்தப் படத்தின் கதி என்ன? எங்கள் ஊர் மாதிரி நடுத்தர ஊரில், கூட்டம் இல்லாத படத்தை எடுத்துவிட்டு அடுத்த தியேட்டரில் ஓடுகிற பெரிய படத்துக்கே அந்தத் திரையையும் கொடுத்துவிடுவார்கள். 300 கோடிப் படத்துக்கு டிரெய்லர் இருக்கிறது, டிவி இருக்கிறது, ஒவ்வொரு பேருந்து நிறுத்தத்திலும் முகம் இருக்கிறது. சின்னப் படத்துக்கு இருப்பது பார்த்தவனின் வாய் ஒன்றுதான். அதையும் பூட்டச் சொல்லி, சின்னத் தயாரிப்பாளர்களும் உறுப்பினராக இருக்கும் சங்கமே கோர்ட்டுக்குப் போனது.

ஆகவே வாசகர்களே, மோசமான படத்தைப் பற்றிப் பேச உங்களுக்கு நேரமில்லை என்றால் விட்டுவிடுங்கள், அதை வெட்டிச் சரிசெய்ய அவர்களுக்கு ஆள் பலம் இருக்கிறது. நல்ல சின்னப் படம் ஒன்றைப் பார்த்தால் மட்டும் வெள்ளிக்கிழமை ராத்திரியே நாலு பேருக்குச் சொல்லிவிடுங்கள். திங்கட்கிழமை அந்தப் படம் எங்கள் ஊரில் ஓடாது.